ஜெய்பால் ரெட்டி நாடாளுமன்றம் போனார், நான் முதல் மாடிக்கே நடந்து போகவில்லை

#1 மூணுசக்கரம்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறவன், எழுதியது குறைவு. ஒரு யோசனை கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் கதை.

சின்ன வயதிலேயே போலியோ. இடது காலுக்குத் தாங்கலாகக் காலிப்பர் கம்பி, கக்கத்தில் ஒரு கட்டை. சைடு வீல் போட்ட ஸ்கூட்டரில் தினமும் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி வந்து போகிறேன். டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் மனு செய்து கொடுக்கிற கடை. முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ் என்று இருபது வருஷமாக அடுத்தவர்களுக்கு மனு எழுதியே கை தேய்ந்துவிட்டது.

இந்த 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது ஞாபகம் இருக்கும். பேரூராட்சி, நகராட்சி, ஊராட்சி என்று எல்லா உள்ளாட்சி மன்றத்திலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராகப் போடுவது. அதைப் படித்ததிலிருந்து ஆசை தொற்றிக்கொண்டது. சரி, நாலு பெரிய மனிதர்களைப் பார்ப்போம் என்று ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போனேன். எந்தக் கட்சி, எந்த மண்டபம் என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

கூட்டம் முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. மெதுவாக ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லச் சொல்ல, இரண்டு பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிவிட்டார்கள். பாதி மாடியில் நாற்காலிக் கால் வளைந்தது. சப்பரத்தில் சாமி ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டே மேலே போனேன். போனதும் ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ. அதோடு சரி. பேசக் கூப்பிடவில்லை. இறங்கும்போது தூக்க ஆளில்லை, பையன்கள் பிரியாணிக்குப் போய்விட்டார்கள். பின்பக்கமாக உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

கீழே ஒருவர் அன்பாகத்தான் சொன்னார்: "உனக்கு எதுக்குப்பா இதெல்லாம், ஓடியாடி வேலை பார்க்கணும்ல."

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஜெய்பால் ரெட்டி என்று ஒருவர் இரண்டு கட்டை வைத்துக்கொண்டு மத்திய மந்திரியாக இருந்தாரே, அவர் எப்படி முதல் படி ஏறினார் என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி இதுதான். நியமனத்துக்கு மனுப் போடவா, இல்லை அடுத்த பேரூராட்சித் தேர்தலில் வார்டில் நின்றே பார்க்கவா?

#2 செக்காலைக்காரன்

மனுவைப் போடு தம்பி, காசா பணமா. ஆனால் அந்தப் பட்டியல் எங்கே தயாராகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனார்களே, அவர்கள் கையில்தான். வார்டில் நிற்பது பற்றி நாளைக்கு எழுதுகிறேன், இப்போது ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

#3 பழைய பேப்பர்

ஜெய்பால் ரெட்டி என்றதும் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதரின் இங்கிலீஷ் பேட்டிகளை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு படித்தவன் நான். தில்லி நிருபர்களுக்கும் அதே கதிதான் என்று ஒரு பேச்சு உண்டு.

எல்லோருக்கும் அவரை மத்திய மந்திரியாகத்தான் தெரியும். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் எம்எல்ஏவாக இருந்ததை மறந்துவிடுகிறோம். தம்பி கேட்கிற முதல் படி அங்கேதான் இருக்கிறது.

1942இல் பிறந்தவர். சிறு வயதில் போலியோ, ஆயுள் முழுக்க ஊன்றுகோல். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலம். மாணவர் அரசியல், அப்புறம் இளைஞர் காங்கிரஸ். 1969இல் ஆந்திர சட்டமன்றத்துக்குப் போனார், தொகுதி கல்வகுர்த்தி. அப்போது வயது இருபத்தேழு. 1984 வரை அந்தத் தொகுதியை விடவில்லை, நான்கு முறை. நடுவில் நெருக்கடி நிலை வந்தது. சொந்தக் கட்சி செய்தது பிடிக்காமல் காங்கிரஸை விட்டு ஜனதாவுக்குப் போனார். 1983இல் ஆந்திராவே என்.டி.ஆர். பக்கம் சாய்ந்தபோதும் கல்வகுர்த்தி இவரிடம்தான் இருந்தது. (அதே கல்வகுர்த்தியில் 1989இல் என்.டி.ஆரே தோற்றார் என்பது தனிக் கதை. அந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் அடங்காதவர்கள் போல.)

1980இல் மேதக்கில் யாரை எதிர்த்து நின்றார் தெரியுமா? இந்திரா காந்தியை. இரண்டு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்றார். தோற்றதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "பாவம், கால் முடியாதவர்" என்று யாராவது நினைத்திருந்தால் அந்தத் தொகுதிக்கு அவரை அனுப்பியிருக்க மாட்டார்கள். மோதத் தகுதியான ஆள் என்று நினைத்ததால்தான் அனுப்பினார்கள்.

1984இல் மகபூப்நகரிலிருந்து மக்களவை. 1998இல் சிறந்த நாடாளுமன்ற உறுப்பினர் விருது. தகவல் ஒலிபரப்பு, நகர்ப்புற வளர்ச்சி, பெட்ரோலியம், அறிவியல் தொழில்நுட்பம் என்று மந்திரி பதவிகள். 2019 ஜூலையில் காலமானார்.

இவர் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். சாதன் குப்தா என்று ஒரு வக்கீல், பார்வையில்லாதவர், கம்யூனிஸ்ட். 1953இல் கல்கத்தா தென்கிழக்கு இடைத்தேர்தலில் ஜெயித்து மக்களவை போனார். பிற்பாடு மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் இருந்தார். யமுனா பிரசாத் சாஸ்திரி, மத்தியப் பிரதேசத்து ரேவாக்காரர், அவரும் பார்வை இழந்தவர். 1977இல் ரேவா மகாராஜாவையே தோற்கடித்தார். சுதந்திரம் வந்து ஆறே வருஷத்தில் பார்வையில்லாத ஒருவரை ஓட்டுப் போட்டு அனுப்பிய நாடு இது. ஜனங்கள் தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள். தயங்கியது யார் என்று தம்பியே யோசிக்கட்டும்.

#4 செக்காலைக்காரன்

கல்யாணச் சாப்பாடு பிரமாதம். கந்தரப்பமும் கவுனி அரிசியும் உள்ளே போன தைரியத்தில் எழுதுகிறேன்.

பேப்பர் அண்ணே, நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். ஜெய்பால் ரெட்டி நிலம் நீச்சு உள்ள குடும்பம். வண்டி இருக்கும், கூட வர ஆள் இருக்கும், ஹைதராபாத்தில் படிக்க வைக்க வசதி இருந்தது. ஊன்றுகோலை ஜனங்கள் பார்ப்பதற்கு முன்னாலேயே குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டார்கள். கோடீஸ்வரனுக்குக் கால் இல்லை என்றால் "தன்னம்பிக்கை" என்பார்கள். நம்மை மாதிரி ஆளுக்குக் கால் இல்லை என்றால் "ஓடியாடி வேலை பார்க்க முடியாது" என்பார்கள். இரண்டும் ஒரே கால்தான்.

அப்புறம், அவர் உள்ளே வந்தது 1969இல். அன்றைக்கு மேடைப் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1962இல் காரைக்குடிக்கு எம்எல்ஏ ஆனார். கம்பனைப் பேசிய வாய்க்கு ஓட்டு விழுந்த காலம் அது. இன்றைக்கு டிக்கெட் கேட்டுப் போனால் முதல் கேள்வி "எவ்வளவு செலவு பண்ணுவே?" இரண்டாவது கேள்வி சாதி. உன் காலைப் பற்றிய கேள்வி வரவே வராது, ஏனென்றால் இரண்டாவது கேள்வியிலேயே உன்னை அனுப்பிவிடுவார்கள்.

#5 தேவகோட்டை வக்கீல்

சட்டப்படி எப்படி என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மனசைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.

எம்எல்ஏ ஆக அரசியலமைப்பு 173ஆம் பிரிவு கேட்பது இந்தியக் குடியுரிமை, இருபத்தைந்து வயது, உறுதிமொழி. உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 191இல் தகுதியிழப்புப் பட்டியல் இருக்கிறது. அதில் சித்த சுவாதீனம் இல்லை என்று நீதிமன்றமே அறிவித்தவர் என்று வருமே தவிர, கால் கை கண் காது எதுவும் வராது. ஆனால் கீழே, நகராட்சி ஊராட்சிச் சட்டங்களில்தான் பழைய அழுக்கு. ஒடிசாவில் தொழுநோயைக் காரணம் காட்டி ஒருவரின் நகர்மன்றப் பதவியைப் பறித்தார்கள், 2008இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. இத்தனைக்கும் மருந்து சாப்பிட்டால் குணமாகிற வியாதி.

சட்டமன்றத்தில் தனித் தொகுதி என்பது பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டும். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் கொடுக்கிறது, ஓட்டுச்சாவடிக்குள் தடையில்லாமல் போக வழி செய்யச் சொல்கிறது. ஓட்டுப் போடப் போகிறவனுக்குச் சாய்தளம் உண்டு, ஓட்டுக் கேட்டுப் போகிறவனுக்கு ஒன்றும் இல்லை. சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. மாற்றுத்திறனாளிக்கு அந்தச் சலுகை கிடையாது. வேட்பாளர் தாக்கல் செய்கிற படிவம் 26இல் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் கேட்பார்கள், உடல் குறைபாடு பற்றிக் கட்டமே இல்லை. அதனால் இதுவரை எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்று கணக்கெடுக்க வழியில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். ஜனத்தொகையில் அந்தப் பங்கை 234 இடத்துக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று நான்கு எம்எல்ஏ வர வேண்டும்.

இப்போது நியமனம். மசோதா வந்தபோது அரசு சொன்ன கணக்கு: அன்றைக்கு நகர்ப்புற உள்ளாட்சிகளில் இருந்த மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் மொத்தம் 35 பேர். சட்டம் வந்தால் அது 650 ஆகும், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர் வருவார்கள். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் தம்பி ஒன்றைத் தெரிந்துகொண்டு மனுப் போட வேண்டும். நகராட்சி, பேரூராட்சி மன்றங்களில் நியமன உறுப்பினருக்கு ஓட்டுரிமை இல்லை என்பது அரசியலமைப்பு 243ஆர் பிரிவிலேயே இருக்கிறது. உட்காரலாம், பேசலாம், கை தூக்க முடியாது.

#6 மூணுசக்கரம்

வக்கீல் சார், ரொம்ப நன்றி. ஓட்டு இல்லை என்பது எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் மனசு இறங்கிவிட்டது. அப்புறம் யோசித்தேன். மாடியில் பொன்னாடை போட்டார்களே, அங்கே பேசவும் விடவில்லை. இங்கே பேசவாவது விடுவார்கள். ஒரு படி லாபம்தானே?

செக்காலை அண்ணே, சாதிக் கேள்விக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை, செலவுக் கேள்விக்கும் இல்லை.

#7 பட்டாலை ஆச்சி

கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். பேரன் டைப் அடித்துக் கொடுக்கிறான், தப்பு இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

நீங்கள் எல்லாம் ஆந்திரா வரைக்கும் போய்விட்டீர்கள். நம் சட்டமன்றத்தையே பார்த்தோமே? கலைஞர் கடைசி வருஷங்களில் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். 2010இல் ஓமந்தூரார் தோட்டத்தில் புதுச் சட்டமன்றம் திறந்தார். 2011இல் ஆட்சி மாறியது, சபை மறுபடி கோட்டைக்கே போனது. அந்தப் பழைய மண்டபத்தில் சக்கர நாற்காலியோடு வந்து உட்கார அவருக்குத் தோதாக இடம் இல்லை என்று அவர் கட்சிக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் வருவார், லாபியில் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். கட்சி எதுவோ இருக்கட்டும். ஐந்து தடவை முதல்வராக இருந்த மனிதருக்கே உட்கார இடம் ஒரு பிரச்சினையாகிவிட்டது. பள்ளத்தூர் தம்பியை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்?

2017இல் நம்பிக்கை ஓட்டு நடந்ததை டிவியில் சொன்னார்கள். கதவைச் சாத்திவிட்டு, பகுதி பகுதியாக எம்எல்ஏக்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்களாம். எழுந்து நிற்க முடியாதவர் ஒருவர் இருந்தால் எப்படி எண்ணுவார்கள் என்று அன்றைக்கே இவனுடைய தாத்தாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்றால், அதற்குள் அவருக்கு பக்கவாதம் வந்திருந்தது. எங்கள் வீட்டைப் பார்த்திருப்பீர்கள், டூரிஸ்ட் எல்லாம் வாசலில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் புகுந்த பயம் போகாமல்தான் முன்னோர்கள் இத்தனை உயரத்தில் கட்டினார்கள் என்று சொல்வோம். தெருவிலிருந்து முகப்புக்கு எட்டுப் படி. முகப்பிலிருந்து பட்டாலைக்கு, அதாவது முன்கூடத்துக்கு, இரண்டு. பட்டாலையிலிருந்து வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, இறங்க ஒன்று. ஒவ்வொரு நிலைவாசலிலும் முழ உயரத்துக்குத் தேக்கு வாசற்படி. மூன்று வருஷம் அவர் பட்டாலையை விட்டு வெளியே வரவில்லை. ஊரில் யார் செத்தாலும் போக முடியவில்லை, கோயில் கணக்குப் பார்க்கிற கூட்டத்துக்குப் போக முடியவில்லை. முப்பது வருஷம் அந்தக் கணக்கைப் பார்த்தவர். இரண்டாவது வருஷம் யாரும் அவரிடம் யோசனை கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, நாக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. படிதான்.

தம்பி, நீ மனுப் போடு. ஓட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, மாடியில் கூட்டம் போடாதே என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

#8 கண்டனூர்வாசி

ஆச்சி சொல்கிறது ஒரு பக்கத்துக் கதை. இடம் ஒதுக்கியிருந்தார்கள், அவர்தான் முன்வரிசை கேட்டு வரவில்லை. எல்லாம் அரசியல். அவர்கள் ஆட்சியில் மட்டும் என்ன

#9 மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் மிச்சத்தையும் அதற்கு வந்த பதினோரு பதில்களையும் எடுத்துவிட்டேன். கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் வேட்டியை மடித்துக் கட்டுங்கள். இங்கே பள்ளத்தூர்க்காரர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

#10 சியாட்டில்வாசி

சொந்த ஊர் கோட்டையூர், பிழைப்பு இங்கே வாஷிங்டன் மாநிலத்தில். ஆச்சி கேட்ட "எப்படி எண்ணுவார்கள்" என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் பார்த்தேன்.

சைரஸ் ஹபீப் என்று ஒருவர். பெற்றோர் ஈரானிலிருந்து வந்தவர்கள். எட்டு வயதில் புற்றுநோயால் பார்வை முழுவதும் போய்விட்டது. சட்டம் படித்தார். 2012இல் மாநிலக் கீழவைக்கு ஜெயித்தார், 2014இல் மேலவை, 2016இல் துணை ஆளுநர். இங்கே துணை ஆளுநர் என்றால் தேர்தலில் நின்று ஜெயிக்கிற பதவி, மேலவைக்குத் தலைமை தாங்குவதும் அவர்தான். நம் ஊர் சபாநாயகர் மாதிரி.

சபாநாயகர் வேலையில் பாதி கண் வேலை, யார் கை தூக்குகிறார், யார் எழுந்து நிற்கிறார் என்று பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பார்வையில்லாதவர் எப்படிச் செய்வார்? சபையையே கொஞ்சம் மாற்றினார்கள். பேச விரும்பும் உறுப்பினர் தன் மேசையில் ஒரு பொத்தானை அழுத்துவார், தலைவர் மேசையில் பிரெய்ல் எழுத்தில் அந்தப் பெயர் வந்துவிடும், அவர் விரலால் தடவிப் படித்துக் கூப்பிடுவார். அவ்வளவுதான். முன்பெல்லாம் தலைவர் கண்ணில் படாமல் போன பின்வரிசைக்காரனுக்கும் இதில் வசதிதான் என்று எனக்குத் தோன்றியது.

2020இல் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு, துறவியாகப் போகிறேன் என்று இயேசு சபையில் சேர்ந்துவிட்டார். இங்கே எல்லோருக்கும் அதிர்ச்சி. என் அம்மாவிடம் போனில் சொன்னேன். "பட்டினத்தார் மாதிரி" என்றாள்.

இன்னொன்று. பிரிட்டனில் 2012 முதல் 2015 வரை, மாற்றுத்திறனாளிகள் தேர்தலில் நிற்கும்போது வருகிற கூடுதல் செலவுக்கென்றே அரசு ஒரு நிதி வைத்திருந்தது. சைகை மொழி பெயர்ப்பாளர் சம்பளம், வண்டி வாடகை இந்த மாதிரி. நம் ஊரில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரை செலவு செய்யலாம். காலில்லாதவர் கூடுதலாக ஒரு வண்டி எடுத்தால், அதுவும் அந்த 40 லட்சத்துக்குள்தான் என்று நினைக்கிறேன். வக்கீல் சார் சொல்லட்டும்.

#11 தேவகோட்டை வக்கீல்

அதற்கென்று தனி விலக்கு எதையும் நான் பார்த்ததில்லை.

ஆச்சிக்கு ஒரு சின்ன ஆறுதல். மக்களவை விதி 351இல், உறுப்பினர் எழுந்து நின்றுதான் பேச வேண்டும், ஆனால் நோயாலோ தளர்ச்சியாலோ முடியாதவரை உட்கார்ந்தபடி பேச அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. "அனுமதிக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

#12 செக்காலைக்காரன்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இனி கொஞ்சம் உருப்படியாகப் பேசுகிறேன்.

முப்பத்தைந்து வருஷம் ஒரே கட்சிக்குக் கொடி கட்டியவன் நான். இதுவரை கவுன்சிலர்கூட ஆனதில்லை, இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் பதவி கிடைக்காததற்கு எல்லாம் கால்தான் காரணம் என்று நினைக்காதே.

"ஓடியாடி வேலை" என்கிறார்களே, அது என்ன வேலை என்று உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன். மாநாட்டுக்கு ஆள் கூட்டிப் போவது. வட்டச் செயலாளர் வீட்டுக் காதுகுத்துக்குப் பந்தல் போடுவது. ராத்திரி போஸ்டர் ஒட்டுவது. தலைவர் வந்தால் காருக்கு முன்னால் ஓடுவது. இதில் ஜனங்களுக்கான வேலை எங்கே இருக்கிறது? ஒருத்தனுக்குப் பட்டா வாங்கிக் கொடுக்க ஓட வேண்டியதில்லை. மனு எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும். அது உனக்குத் தெரிகிற அளவுக்கு எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஆட்களே உன் கடைக்குத்தான் வருகிறார்கள், நானே வந்திருக்கிறேன். போன வருஷம் என் மாமியார் பென்ஷன் நின்றுபோனபோது ஆதார் பெயரில் ஒரு எழுத்து தப்பு என்று கண்டுபிடித்தது நீதான். மறந்திருப்பாய்.

பேரூராட்சி வார்டு என்றால் சில நூறு ஓட்டு. அதில் எத்தனை வீட்டுக்கு மனு எழுதியிருக்கிறாய் என்று உட்கார்ந்து எண்ணு. வாக்காளர் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொண்டு பெயர் பெயராக டிக் போடு. நூறு தாண்டினால் என்னிடம் சொல். சுயேச்சையாக நின்றாலும் சரி, கட்சி கேட்டு வந்தாலும் சரி, அந்தத் தாளைக் காட்டிப் பேசு.

ஜெய்பால் ரெட்டி சமாச்சாரத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்கு நிலம் இருந்தது. உனக்கு அந்தத் தாள் இருக்கிறது.

#13 மூணுசக்கரம்

அண்ணே, எண்ணினேன். எங்கள் வார்டில் 143 வீடுகளுக்கு ஏதாவது ஒரு மனு எழுதியிருக்கிறேன். சில வீட்டுக்கு மூன்று தலைமுறை. அந்தத் தாளை இரவு பன்னிரண்டு மணி வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மனைவி வந்து "என்ன, கடன்காரன் பட்டியலா?" என்று கேட்டாள்.

ஆச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது. நான் இருப்பது சொந்த வீடு இல்லை. என் அப்பா ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளை. முதலாளி குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது, வீட்டைப் பார்த்துக்கொண்டு நாங்கள் முகப்பை ஒட்டிய அறைகளில் இருக்கிறோம். அங்கேயும் ஏழு படி, கைப்பிடி கிடையாது. பழகிவிட்டது. கட்டையை மேல்படியில் ஊன்றி, திண்ணைத் தூணை ஒரு கையால் பிடித்து, இடுப்பை வீசி ஏறிவிடுவேன். அந்த பர்மா தேக்குத் தூண் முழுக்க மங்கிக் கிடக்கிறது. இடுப்பு உயரத்தில் ஒரு சாண் இடம் மட்டும் எண்ணெய் பூசிய மாதிரி மின்னும். முப்பது வருஷமாக என் கை பட்ட இடம். போன பொங்கலுக்கு வந்த முதலாளி மகன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன பாலிஷ் போட்டீர்கள் என்று கேட்டார்.

நான் ஏறிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மனு எழுத வருகிற கிழவிகள் ஏற மாட்டார்கள், தெருவிலேயே நின்றுகொண்டு மேலே பார்த்துப் பேசுவார்கள். நான் திண்ணையிலிருந்து கீழே பார்த்துப் பதில் சொல்வேன். இத்தனை நாளாக இது எனக்குத் தோன்றவே இல்லை. மாடியில் கூட்டம் போட்டவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், என் வாசலில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

முதலாளி மகனிடம் போனில் கேட்டேன். "தூணை உடைக்காமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்" என்றார். சாய்தளம் போட என்ன ஆகும், யாருக்காவது தெரியுமா?

#14 ஆத்தங்குடி பூக்கல்

தொழில்காரன் வந்துவிட்டேன். முதலில் ஒரு வேண்டுகோள். அழகாக இருக்கும் என்று எங்கள் ஊர்த் தரைக்கல்லான பூக்கல்லைச் சாய்தளத்தில் பதித்துவிடாதீர்கள். வீட்டுக்குள் சரி, சரிவில் தண்ணீர் பட்டால் ஆளை நேரே தெருவுக்கு அனுப்பிவிடும். சிமெண்ட் போட்டு ஈரத்திலேயே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிடுங்கள், பிடிப்பு இருக்கும்.

சரிவுக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஏழு படி, படிக்கு ஆறு அங்குலம் என்றால் 42 அங்குலம், ஆக 42 அடி நீளம். பயப்பட வேண்டாம். தெருவை நோக்கி நீட்டினால்தான் அது எதிர்வீட்டுக்குள் போய் நிற்கும். திண்ணைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் போட்டால் உங்கள் முகப்பு நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும், செட்டிநாட்டு வீடு என்பதால் அந்த வசதி. அகலம் நாலு அடி, நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம், வெளிப்பக்கம் கைப்பிடி. மரத்தில் போடலாம் என்று யாராவது முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குப் பலகை வாங்கி வந்தால் விடாதீர்கள், மறுநாள் காலையில் சாய்தளம் இருக்காது.

படியை டேப் வைத்துச் சரியாக அளந்து சொல்லுங்கள். கூலி எனக்கு வேண்டாம், மணலும் சிமெண்டும் மட்டும்.

#15 பட்டாலை ஆச்சி

சிமெண்ட் நான் வாங்கித் தருகிறேன். எங்கள் வீட்டுக்கும் ஒன்று போட வேண்டும், பூக்கல் தம்பி வந்து பார்க்கட்டும். இவன் தாத்தா இப்போது இல்லை, எனக்குத்தான் முட்டி வலி.

#16 மூணுசக்கரம்

மனுவை நேற்றுக் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கித்தான் வந்தேன், இருபது வருஷப் பழக்கம். கொடுக்கிற இடத்திலும் நாலு படி இருந்தது. வாங்கிக்கொள்கிறவர் தானே கீழே இறங்கி வந்து வாங்கிக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும். வாக்காளர் பட்டியலைக் கிழிக்கவில்லை அண்ணே, மடித்து மேசையில் வைத்திருக்கிறேன்.

படியை அளந்தேன். ஏழு இல்லை, ஆறுதான். சின்ன வயதில் ஏழு இருந்தது நிச்சயம், அப்பா எண்ணச் சொல்லிக் கொடுத்தது. ரோட்டு மேலேயே ரோடு போட்டுப் போட்டுக் கீழ்ப்படி புதைந்துவிட்டது. அதனால் 36 அடி போதும்.

#17 செக்காலைக்காரன்

அவசரப்படாதே தம்பி. அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தல், அதற்கு அடுத்து உங்கள் பேரூராட்சி. இரண்டுக்கும் ரோடு போட்டால் இன்னும் ஆறு அடி மிச்சம்.